அம்மா சீரியஸ், உடனே புறப்படு

உங்கள் கை ஒலிபெருக்கியை இன்று காலை பரணிலிருந்து இறக்கினேன். பேட்டரி கசிந்து அடிப்பாகம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. ஜீப்பிலிருந்து இறங்கி வரும்போது உங்கள் சட்டையிலும் கொஞ்சம் அந்த வாடை இருக்கும்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு அறுவைச் சிகிச்சை. வயிற்றில் கட்டி. நான் இல்லாத வீட்டில் யாரோ வந்து என் பரணைக் கிளறுவது எனக்குப் பிடிக்காது. அதனால் நானே ஒழித்துக்கொண்டிருக்கிறேன்.

தெருவில் போன பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டேன். அவன் தன் வண்டியிலிருந்த பேட்டரியைப் போட்டு "ஹலோ, ஹலோ" என்றான். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"அச்சாச் ஹை, கைக்கு பேச்ரே அம்மா?" என்றான். நல்ல பொருளை எதற்கு விற்கிறாய் என்று கேட்கிறான்.

"மேரேகு நக்கோ. லே ஜாவ்." எனக்கு வேண்டாம், எடுத்துப் போ என்றேன்.

அவன் அதிலேயே "பழைய இரும்பு, பழைய பேப்பர்" என்று கூவிக்கொண்டு கூகட்பள்ளி சந்து முழுவதும் போனான். அந்தக் கருவி முதல் தடவையாக உண்மையைச் சொல்லிக்கொண்டு போனது.

டாக்டர் சின்னப் பெண். கறாரானவள், எனக்குப் பிடித்திருக்கிறது. "மீ அப்பாயினி பிலிபிஞ்சண்டி அம்மா," என்றாள். மகனை வரவழைக்க வேண்டுமாம். மகன் டொரண்டோவில் இருக்கிறான். அவனை வரவழைக்க ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை நீங்கள் செலவழித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அது முதலில் எங்கள் வீட்டு வாக்கியம். பெண் பார்க்க வரமாட்டேன் என்று பம்பாயில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்த என் அண்ணனுக்கு அப்பா தந்தி அடித்தார்: அம்மா சீரியஸ், உடனே புறப்படு. நமக்குக் கல்யாணமான புதிது. மாப்பிள்ளை என்று நீங்களும் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தீர்கள். அண்ணன் ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்தான், கண்ணெல்லாம் சிவந்து. அம்மா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சாகலையாம்மா?"

"பொண்ணு பாத்துட்டு வந்து சாவகாசமா சாகறேன். போய்க் குளிடா."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனும் சிரித்தான். நீங்கள்தான் காபியைச் சட்டையில் கொட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தீர்கள். "மாமா, பீரங்கி வச்சு இழுத்தாலும் வராதவனை நாலே வார்த்தையில இழுத்துட்டீங்களே," என்றீர்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நீங்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டீர்கள் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது.

பிறகு உங்கள் போலீஸ் இலாகா உங்களைக் காட்டுப் பக்கம் மாற்றியது. கோதாவரிக்கு அப்பால், துப்பாக்கி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போன பிள்ளைகளை வெளியே கொண்டுவரும் வேலை. சுடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் எழுதினீர்கள். துண்டுக் காகிதங்களில் அச்சடித்தீர்கள். வாரச் சந்தையில் ஜீப்பை நிறுத்தி இந்த ஒலிபெருக்கியில் படித்தீர்கள். உங்கள் தெலுங்கு சுத்தமானது. அந்தக் காட்டில் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊர், யாருடைய தாய்க்கு இவன் ஒரே பிள்ளை என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

நம் சாப்பாட்டு மேசையில் உங்கள் சகாக்களிடம் சொன்னீர்கள்: "துப்பாக்கிக்கு மசியாதவன் அம்மாவுக்கு மசிவான் சார். எதிராளி எதைக் கும்பிடறான்னு பாருங்க. அங்கேதான் கதவு திறந்திருக்கும்."

நான் படித்த கான்வென்டில் பொய் சொன்ன பெண்ணின் வாயை சிஸ்டர் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வார் என்று நான் ஒரு தட்டை வைத்தபடியே சொன்னேன்.

"உங்க சிஸ்டர் எங்க இலாகாவுக்கு வந்தா சோப்பு பத்தாது," என்றீர்கள். மேசையே சிரித்தது. பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நம் பிள்ளையும் சிரித்தான்.

காட்டுக்குப் போன பிள்ளை ஒருவனின் தாய் நம் வீட்டைத் தேடி வந்தது அதற்குப் பிறகு. குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"நேனு பாகானே உன்னானம்மா," என்றாள். நான் நன்றாகத்தானே இருந்தேன், அம்மா.

அவள் வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது மகன் காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கிறான். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சந்தையில் நீங்கள் படித்ததை யாரோ அவனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வரப்பில் நின்று, சேறும் கையுமாக நிமிர்ந்த தாயைப் பார்த்தானாம். அவனுக்குப் பின்னால் உங்கள் ஆட்கள். ஓடினான், சுட்டார்கள்.

அவள் என்னிடம் நியாயம் கேட்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை. ஊர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டது. தாயே பணம் வாங்கிக்கொண்டு மகனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள் என்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். "அதே சந்தையில, அதே மைக்கில, நான் கூப்பிடலைன்னு உங்க வீட்டுக்காரரை ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கம்மா," என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் உங்களிடம் சொன்னேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டீர்கள்.

"போட்டதைத் திருத்தினா அடுத்த தடவை எவன் நம்புவான்?"

அவள் சாயங்காலம்வரை இருந்துவிட்டு எழுந்து போனாள். தம்ளரைக் கேட்டின் மேல் வைத்திருந்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த தடவை நம் வீட்டிலேயே வந்தது. புனேயில் வேலையிலிருந்த நம் பிள்ளை, கூட வேலை செய்யும் பஞ்சாபிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாக எழுதினான். நான் வருத்தப்பட்டேன், பிறகு சமாதானமானேன். நீங்கள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தபால் ஆபீசுக்குப் போய் அவனுக்கு டிரங்கால் போட்டீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்து நின்றதும் அவன் இறங்கியதும்தான். முகம் அண்ணன் முகம் போலவே சிவந்திருந்தது. நான் பூவாளியோடு நின்றேன்.

நீங்கள் பேப்பரை மடித்துக்கொண்டே வெளியே வந்தீர்கள். "பாத்தியா, வந்துட்டான்."

அவன் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம், வழக்கமாகத் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பேசுகிறவன், தமிழில் கேட்டான்: "நீயும் சேர்ந்துதானாம்மா?"

இல்லை என்றேன். நம்பினானா என்று இன்றுவரை தெரியாது. அன்று சாயங்கால வண்டியிலேயே திரும்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டான். எனக்குத் தெரியாமல் செய்தது என்று அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை கேட்டேன். நான் யாரிடமும் எதையும் இரண்டாவது தடவை கேட்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். "போகப் போகச் சரியாயிடும்," என்றீர்கள்.

நாள்தான் போயிற்று, சரியாகவில்லை. நீங்கள் உண்மையாகவே விழுந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவனைக் கூப்பிட்டேன். அப்பா சீரியஸ் என்றேன். அவன் மரியாதையாக, ஒரு குமாஸ்தாவிடம் பேசுவது போல, "கிவ் தி போன் டு தி டாக்டர், அம்மா," என்றான். டாக்டர் ஆபரேஷன் அறையில் இருந்தார். அவர் வெளியே வந்து பேசி, இவன் டிக்கெட் எடுத்து வந்து சேர்வதற்குள் உங்களைச் சாம்பலாக வாங்கி வந்திருந்தேன். கொள்ளி வைத்தவன் அண்ணன். அன்று நம் பிள்ளைமேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபம் முழுவதும் உங்கள்மேல். இறந்தவர்மேல் கோபப்படுவது பாவம் என்பார்கள். இருக்கட்டும்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போட அண்ணன் மகள் வருகிறாள். அப்பாவின் தந்தியால் பிறந்தவள் என்று அவளைக் கேலி செய்வோமே, அவள்தான். "அத்தை, நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் உடம்புக்கு இன்னொருத்தி சாட்சி சொல்லி, டாக்டர் உறுதி சொல்லி, அதன்பிறகு என் மகன் நம்பி வருவதென்றால் அப்படி அவன் வர வேண்டாம்.

நேற்று ஞாயிறு, வழக்கம்போல் கூப்பிட்டான். பேத்திக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னான். அங்கே பனி பெய்கிறதாம். எனக்கு வயிற்றில் வலி இருந்தது, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். கடைசியில், எப்படி இருக்கிறாய் என்று எப்போதும் கேட்பதைக் கேட்டான்.

"எலா உன்னாவ் அம்மா?"

"பாகானே உன்னான்ரா," என்றேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

சரி என்று வைத்துவிட்டான். டாக்டரைக் கூப்பிடச் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது, அது அந்தத் தாய் நம் கேட்டில் விட்டுப் போன வாக்கியம். உங்கள் வாக்கியம் செலவான பிறகு எனக்கு மிஞ்சியது அதுதான். அவள் உண்மையைச் சொன்னாள், ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நான் பொய் சொன்னேன், என் மகன் உடனே நம்பிவிட்டான்.