பூச்சு நிற்க வேண்டிய கோடு

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீ அனுப்பும் ஒற்றைச் சொல் பதில்களிலிருந்துதான் ஊகித்துக்கொள்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு அவர் இஷ்டத்துக்குச் சொல்லி முடித்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன், விஷயமும் அவரைப் பற்றியதுதான்.

சமையலறைக்குப் பின்னால் உன் தங்கைக்காக இழுத்துக் கட்டிய அறையில் கூரை வரை எல்லாம் முடிந்து, வெளிச்சுவர் மட்டும் பூசாமல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதை வீடியோவில் பார்த்தாயே. கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார், கேட்டால் இதோ வர்றேன் என்பதே பதில். நாமே பூசிடலாம் என்று அப்பா கிளம்பிவிட்டார். பழைய அறையில் சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பூசணம் பிடித்து அவளுக்கு இழுப்பு அதிகமானதால்தானே இந்த அறையே. அதற்காகத்தான் தரைக்குக் கொஞ்சம் மேலே, செங்கல் வரிசைகளுக்கு நடுவில், ஈரம் ஏறாமல் தடுக்கக் கறுப்பு ஷீட் விரித்துக் கட்டினோம். அது எதற்கு, எப்படி என்று அன்றைக்கே கொத்தனாரைத் துளைத்தெடுத்தவள் உன் தங்கை. பூச்சு அந்த ஷீட்டுக்கு மேலேயே நின்றுவிட வேண்டும், மண் வரை இறங்கினால் ஈரம் பூச்சைப் பிடித்துக்கொண்டு ஷீட்டைத் தாண்டி ஏறிவிடும் என்று அப்பாவிடமும் சொன்னாள். அவருக்கோ நடுவில் ஒரு கோடு தெரிவது கண்ணை உறுத்தியது. அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து மேலிருந்து மண் வரை ஒரே வீச்சாகப் பூசி, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். அழகாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து பார்த்து, பேசாம தொழிலை மாத்திக்கலாம் போலிருக்கே என்று ஏற்றிவிட்டுப் போனார்.

சாயந்திரம் வந்தவள், நல்லாத்தாம்பா இருக்கு, ஆனா இது என் மூச்சுப்பா என்று மட்டும் சொன்னாள். நேத்து பொறந்தவ எனக்குச் சுவரு சொல்லித் தர்றா என்று இவர் எகிறினார். பூச்சு காய்ந்த பிறகு நல்ல மழை பிடித்தது. மழை விட்டு வெயில் அடித்ததும் சுவர் முழுக்க வெளுத்துவிட்டது, அடியில் மட்டும் ஈரத்தில் கறுத்த பட்டை ஒன்று ஷீட் இருந்த உயரத்தைத் தாண்டி மேலே ஏறி நின்றது. அப்பா அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு உளியும் சுத்தியலும் எடுத்து வந்து, அத்தனை ஆசையாகத் தேய்த்ததைத் தானே கொத்த ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போகவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தப்பு என்று வாய்விட்டு ஒருநாளும் சொல்லாத மனிதர், கண்ணா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. சொன்னால் ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடப்பார், நீயும் சொல்லிவிடாதே.

அப்புறம் அவளைக் கூப்பிட்டு, மேஸ்திரியம்மா, எங்க நிறுத்தணும்னு கோடு போடுங்க என்றார். அவள் போட்ட கோட்டிலேயே பூச்சை நிறுத்தி, மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டிக் கீழே விழ விளிம்பை வெளியே தள்ளிச் சாய்த்தார்கள். கீழே செங்கல் இடுக்குகளை மட்டும் அடைத்து, சுற்றிலும் மண்ணை வெட்டி மட்டத்தை இறக்கிச் சரிவாக ஜல்லி கொட்டியாயிற்று. இப்போது யார் வந்தாலும் அவர் அறைக்குள் கூட்டிப் போவதில்லை, நேரே பின்பக்கம் போய்க் குனிய வைத்து, இது என் மக போட்ட கோடு என்று காட்டுகிறார். உன் அத்தைக்கு முட்டிவலி, அவளையும் விடவில்லை.

போன வாரமும் மழைதான். அவள் அந்த அறையில்தான் படுத்துக்கொண்டாள். வேலைக்குப் போய் மத்தியானம் போன் செய்து, இன்ஹேலரைத் தலைமாட்டுலயே விட்டுட்டு வந்துட்டேம்மா, இப்பத்தான் ஞாபகமே வந்துச்சு என்றாள். மறக்கிற பொருளாடி அது என்று திட்டித்தான் வைத்தேன். போனை வைத்த பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அதை மறந்து நான் பார்த்ததே இல்லை.

உனக்கும் நல்ல தூக்கமும் நல்ல மூச்சும் வாய்க்கட்டும், சாமி. ஈரத் துணியை அறைக்குள் காயப் போடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா