மேடு ஏறாத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அந்த மேட்டில் வண்டி திணறியது. இழுத்து வந்தது நடுத்தரப் படகுதான். டிரெய்லரோடு சேர்த்தாலும் நம் பிக்கப்புக்கு அது பெரிய சுமையில்லை. ஆனாலும் ஊர்ந்துதான் ஏறினோம். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, "வண்டிக்கு வயசாகுதும்மா" என்றார்.

நான் பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் படகு தெரிந்தது. வயல்களுக்கு மேலே, தண்ணீர் இல்லாமலே மிதந்து வந்தது. பழைய படகை வாங்கி, ஓட்டை அடைத்து, சாயம் பூசி விற்கிற தொழிலில் இத்தனை வருடம் ஆகியும் இந்தக் காட்சி சலிக்கவில்லை. பட்டறையில் கிடக்கும்போது அது வெறும் மரமும் ஆணியும். தண்ணீரில் இறங்கிவிட்டால் வாங்கியவன் சொத்து. நடுவே, ரோட்டில் வரும் நேரம் மட்டும்தான் அது என் படகு.

மார்ச் 7, வெள்ளி

பெரிய படகு ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. உள்ளே இரண்டு அறை, வட்ட ஜன்னல், மெத்தை போட்ட படுக்கை. சொந்தக்காரர் மகளோடு இருக்க வெளிநாடு போகிறார். "உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். மாசக் கடைசிவரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்" என்றார். சும்மா படுத்துப் பார்த்தேன். கொட்டகைக்குள், கட்டைகளின் மேல் நிற்கிற படகு. கண்ணை மூடியதும் அசைந்தது. சத்தியமாக அசைந்தது.

ஆனால் அதை இழுக்க நம் பிக்கப் ஆகாது. பிக்கப்பைக் கொடுத்து, மேல்பணம் போட்டு, கனத்த வண்டியாக மாற்றவேண்டும். வண்டித் தரகரிடம் ஒன்று நிற்கிறதாம்.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். "இருக்கிற வண்டி போதாதா?" என்றார்.

"இருக்கிற வண்டி மேடே ஏற மாட்டேங்குதே!"

தட்டில் எதையோ தேடுகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 8, சனி

பெரிய வண்டி வேண்டாம் என்கிறார். ஏன் என்று கேட்டால் பட்டறைக்குக் கிளம்பிவிடுகிறார்.

மார்ச் 11, செவ்வாய்

மாற்றுவதற்கு முன் பிக்கப்பைக் கொஞ்சம் தேற்றி நிறுத்தினால் நல்ல விலை சொல்லலாமே என்று மெக்கானிக்கிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தேன். டிரெய்லரையும் படகையும் மாட்டி அவனே அந்த மேட்டுக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, இந்த வண்டிக்கு என்ன குறைச்சல்? மூணாவது கியர்லயே சரசரன்னு ஏறுது. இதைப் போய் தள்ளி விடுறேங்கிறீங்க?"

அட, இவனே தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று நினைத்தேன். வியாபாரி புத்தி. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: வாங்க நினைப்பவன் குறையல்லவா சொல்லுவான்? புகழ்வானா?

அப்படியென்றால் எங்களுக்கு மட்டும் ஏன் ஏறவில்லை?

மார்ச் 15, சனி



தரகரின் யார்டில் பெரிய வண்டியை ஓட்டிப் பார்த்தோம். பின்னால் காலி டிரெய்லர். ரிவர்ஸ் எடுக்கும்போது எப்போதும் நான் பின்னால் நின்று குரல் கொடுப்பேன்; எங்கள் வழக்கம் அது. இன்றும் நின்றேன். தரகர் வண்டிக்குள் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணாடியை ஏத்துங்க சார், ஏசி போட்டிருக்கேன்" என்றது கேட்டது. ஜன்னல் கண்ணாடி ஏறியது.

"வா... வா... இடது ஒடி... போதும். நில்லு."

நிற்கவில்லை. "நில்லுங்க! நில்லுங்கன்னு சொல்றேன்ல!" கையை ஆட்டினேன். நல்ல வெளிச்சம், நான் கட்டியிருந்தது சிவப்புச் சேலை, பக்கத்துக் கண்ணாடியில் பளிச்சென்று தெரியவேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தேன். டிரெய்லர் நேராக என்னைப் பார்த்து வந்தது. துள்ளி விலகினேன். பின்னால் இருந்த டிரம்கள் நசுங்கின.

"புது வண்டில்ல, கை பழகணும்" என்று தரகர் சிரித்தார். இவர் கீழே இறங்கி, என் பக்கம் திரும்பாமல், "அடி பட்டுச்சா? அடி பட்டுச்சா?" என்று வேறெங்கோ பார்த்துக் கேட்டார். நான் அந்தப் பக்கம் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

மழை கொட்டினாலும் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் ரிவர்ஸ் எடுப்பார். பொழுது சாய்ந்தபின் வண்டி எடுக்கச் சொன்னால் தலைவலி. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார். தினம் ஒரே செய்திதானே என்றார். நானும் சிரித்தேனே!

பட்டறையில் படகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"கண்ணு."

தேய்ப்பது நின்றது. "போன மழைக்காலத்துக்கு முன்னாடி. பனிக்குள்ள ஓட்டுற மாதிரி இருக்கும். மெதுவாப் போனா சமாளிச்சுடுவேன். ரிவர்ஸுக்குத்தான் உன் குரல் இருக்கே."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வேற டிரைவர் போடுவ. நீயும் அவனும் ஊரெல்லாம் போவீங்க. நான் இங்க உக்காந்து தேய்ச்சுட்டுக் கெடக்கணும்."

திட்டினேன். மூச்சு வாங்கும் வரை திட்டினேன். ஏதாவது ஆகியிருந்தா? பஸ்ஸுக்கு முன்னாடி, அந்த மேட்டு வளைவுல — கண்ணு தெரியாத மனுஷன் ஓட்ட, பக்கத்துல நான் கண்ணாடியில படகப் பாத்துச் சொக்கிக் கெடந்திருக்கேன்! ரெண்டு பேருக்கும் நடுவுல ரோட்டைப் பாத்தது யாரு?

வண்டி மேடு ஏறத்தான் செய்தது. ஏறப் பயந்தது இவர். நான் வண்டியை மாற்றப் புறப்பட்டேன்.

மார்ச் 20, வியாழன்

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்லயும் புரை. இவ்வளவு முத்தவிட்டிருக்கீங்களே! எடுத்துடலாம், பயப்படாதீங்க."

"அதுவரைக்கும் வண்டி ஓட்டலாமா?" என்று இவர் கேட்டார்.

"வண்டியா? சைக்கிளைக்கூடத் தொடாதீங்க."

வரும் வழியெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். யார் பார்த்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

தரகர் போன் செய்தார். "டிரைவரோட சேர்த்தே அனுப்புறேன் மேடம். உங்க சார் ரெஸ்ட் எடுக்கட்டும்."

பொய் எழுத மாட்டேன். காலையிலிருந்து மதியம்வரை சரி சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். லாபம் மட்டுமில்லை, அந்த வட்ட ஜன்னல்கள் கண்ணாடிக்குள் மிதந்து வருவதை ஒருமுறை பார்க்கவேண்டும். தூங்குகிற வீடு ஒன்று மரங்களுக்கிடையே நம்மைத் தொடர்ந்து வருகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் மற்றதையும் நினைத்துப் பார்த்தேன். பெரிய வண்டி கிளம்புகிறது. புது டிரைவர் பக்கத்தில் நான். பட்டறை வாசலில் கண்ணில் கட்டோடு இவர், வண்டி நிற்கும் பக்கத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கை காட்டுகிறார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படகுக்காரருக்கும் போன் போட்டு, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். வைத்த பிறகும், மறுபடி கூப்பிடலாமா என்று போனை எடுத்து எடுத்து வைத்தேன். வியாபாரத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டுப் பிரித்தார்கள். முதலில் சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னை. ரொம்ப நேரம்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?"

"நீங்க பாக்காத நேரமாப் பாத்துத்தான்."

பட்டறைக்கு வந்ததும் படகைப் பார்த்து முகம் சுளித்தார். "எவன் அடிச்ச சாயம் இது? திட்டுத் திட்டா?"

நீங்கள்தான் என்றேன். அவர் சிரித்துச் சிரித்து, கண்ணுக்கு ஆகாது என்று நானே அடக்கவேண்டியதாயிற்று.

மே 1, வியாழன்

மற்ற கண்ணும் முடிந்தது. சமையலறை வாசலில் நின்று, எண்ணெய்ப் புட்டி லேபிளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 14, சனி

டாக்டரம்மா ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாயம் திருத்திய படகை வாங்கியவரிடம் சேர்க்கக் காலையிலேயே கிளம்பினோம். மேட்டில் மூன்றாவது கியர். இன்ஜின் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டு ஏறியது. நான்தான் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்றேன்.

மேடு இறங்கியதும் ஹாரன் சத்தம். அந்தப் பெரிய வண்டிதான்! வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். பின்னால் அந்தப் பெரிய படகு. எங்களைத் தாண்டிப் போகும்போது வட்ட ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என் முகத்துக்கு மேலே நகர்ந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம். அழகாகத்தான் இருந்தது. வயிறு எரியவில்லை என்று சொல்ல மாட்டேன். லேசாக எரிந்தது.

அது வெகுதூரம் போன பிறகும் இவர் அதன் நம்பரைப் படித்தார். படகின் முதுகில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். அதோடு விட்டாரா? டயர்க் கடை போர்டு, பள்ளிக்கூடச் சுவர், பெட்ரோல் பங்க், விற்பனைக்கு என்று மரத்தில் ஆணியடித்த தகரம்... வழி நெடுக ஒன்று விடாமல் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

"படிச்சது போதும், ரோட்டைப் பாருங்க" என்றேன்.

"ரெண்டும் தெரியுதும்மா" என்றார்.