குதிகால் வலிக்கிறது என்று அவர் சொன்னபோது

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம். நீ, மருமகள், பிள்ளை மூவரும் நலமாக இருக்க வேண்டும். உங்கப்பாவும் சுகம் என்று எப்போதும் இந்த இடத்தில் எழுதுவேன், இந்த முறை அந்தப் பொய்யை என்னால் எழுத முடியாது. ஃபோனில் சொல்லலாம் என்றால் அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு, "அவன் காதுல போட்டீன்னா உன்கூடப் பேசவே மாட்டேன்" என்கிறார். பேசாவிட்டால் போகட்டும்.

உங்கப்பாவின் இடது குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநார் அறுந்துவிட்டது. விழவில்லை, அடிபடவில்லை. சிறுநீரில் கிருமி என்று தெருமுனை கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தானே, அதன் வேலை. மூச்சிரைப்புக்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், அறுபதைத் தாண்டியவர், அந்த டாக்டர் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, தலை நிமிராமல் கிறுக்கிக் கொடுத்து அனுப்பினான். இப்போது போய்க் கேட்டால், "வயசாச்சுல்லம்மா, நடக்குறதுதான்" என்கிறான். வந்த ஆத்திரத்தில், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் வந்தேன். ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரம்மா சொன்னார், இந்த வகை மருந்து அபூர்வமாகச் சிலருக்கு இப்படிச் செய்யுமாம், வயதும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுமாம், குதிகால் வலித்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டுமாம்.

வலித்த அன்று அவர் யாரிடம் சொன்னார்? உன்னிடம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ, "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, வேன் ஓட்டுற கால் வலிக்கத்தான் செய்யும், மாத்திரை கோர்ஸை மட்டும் பாதியில விட்றாதீங்க" என்று சொல்லி, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். போதாதா? டாக்டரிடம் காட்டலாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாரா? "எம்புள்ள சொல்லிட்டான்" என்று வேளை தவறாமல் விழுங்கினார். அத்தோடு விட்டாரா, கிளட்ச் இறுகினால் மிதித்து மிதித்துத்தான் விட வேண்டும் என்று வேனுக்குப் பார்க்கிற வைத்தியத்தைக் காலுக்கும் பார்த்தார். படி விளிம்பில் நுனிக்காலில் நின்று எம்பி எம்பி இறங்கினார். படீரென்று ஒரு சத்தம், ஏதோ பாத்திரம் உடைந்தது என்று நான் ஓடி வந்தால் மனுஷன் தரையில் கிடக்கிறார்.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் போட்டிருக்கிறது. இனி கிளட்ச் மிதிக்க முடியுமா என்றால் டாக்டரம்மா பிடிகொடுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூட வேனை வேறொருத்தர் ஓட்டுகிறார், காலையில் ஹாரன் கேட்டால் இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். உன்னிடம் மட்டும் "நடந்துட்டுத்தான்டா இருக்கேன்" என்று படுத்தபடியே கதை விடுகிறார், நீயும் "சூப்பர்ப்பா" என்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உடனே டிக்கெட் போடுகிறேன் என்று குதிக்காதே. நீங்களும் எந்த டாக்டரிடம் போனாலும் ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தை எல்லாம் எடுத்துக் காட்டுங்கள், வாயைத் திறந்து கேளுங்கள். ஆம்புலன்ஸில் அந்த வலியிலும் உங்கப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "அவனுக்குத் தெரிய வேணாம், தான் சொன்னதாலதான்னு நொறுங்கிடுவான்." எனக்கு அந்த நல்ல மனசெல்லாம் கிடையாது, நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

குடும்பத்தோடு நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கால் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேள். முதலில் மழுப்புவார். அவர் சொல்லி முடிக்கிறவரை ஃபோனை வைக்காதே.

கோபம் தீராத
உன் அம்மா