உங்களைக் கேளாமல் கொடுத்த வாக்கு

சிவமயம்

ஆரையம்பதி,
தை மாதம், 1938.

அன்புள்ள மருமகன் தங்கராசாவுக்கு, மாமி சீதேவிப்பிள்ளை எழுதுவது. கொழும்புத் துறைமுகத்தில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் மாமாங்கேசுவரர் காக்கட்டும். வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டதால் இத்தனை நாளும் தபால் போகவில்லை. இன்று போகும் என்றார்கள்.

நானும் புஸ்பமும் இருக்கிறோம். உங்கள் மகள் நேசம்மா இல்லை. இதை எந்த இடத்தில் எழுதுவதென்று தெரியாமல் முதலிலேயே எழுதிவிட்டேன். எங்காவது உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

மார்கழிக் கடைசியில் குளக்கட்டு உடைந்து வாவிக்கு அக்கரையில் படுவான்கரை முழுவதும் தண்ணீர் வந்தது. நம் வயல் வட்டையில் பயிர் இருந்த இடமே தெரியவில்லை. வீட்டுச் சுவர் சரிந்ததும் காவல் பரணில் ஏறிக்கொண்டோம். புளியந்தீவில் வெள்ள உதவிச் சங்கம் ஒன்று கூடி வள்ளங்களை அனுப்பியிருந்தது. காத்தான்குடி அப்துல் மஜீத் என்பவர் கூலி வாங்காமல் வள்ளம் விட்டவர். அவர் எங்களிடம் வந்தபோது வள்ளத்தில் ஒருத்தியும் கைப்பிள்ளையும் ஏறத்தான் இடமிருந்தது.

புஸ்பம் ஏறவில்லை. "அம்மாவுக்குக் கால் ஏலாது, தனிய விட்டுப்போட்டு வரமாட்டன்" என்றாள். போடி என்று ஏசினேன், கையெடுத்தும் கும்பிட்டேன். கேட்கவில்லை. அப்துல் மஜீத் சொன்னபடி விடிந்ததும் திரும்பி வந்தார். ஆனால் இரவெல்லாம் மழை விடவில்லை. பிள்ளையை எங்கள் இருவர் சேலைக்குள்ளும் வைத்திருந்தும் நனைந்துவிட்டாள்.

இங்கே ஆரையம்பதிப் பள்ளிக்கூடத்தில் எங்களை இறக்கினார்கள். சங்கத்தார் உலர்ந்த துணியும் சுடுகஞ்சியும் தந்தார்கள். அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் நெஞ்சுச் சளிக்கு மருந்து கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைத் துணியும் சங்கத்தார்தான் கொண்டுவந்தார்கள். மணல்மேட்டில் அடக்கம் செய்தபோது அப்துல் மஜீத் தள்ளி நின்று கண்ணைத் துடைத்ததைக் கண்டேன்.

புஸ்பம் அழவில்லை. எனக்குப் பயமாயிருந்தது. பால் கட்டி நெஞ்சு கல்லாகி, காய்ச்சலும் வந்தது. நான் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன்.

நாங்கள் இருந்த அறையை நடுவில் சேலை கட்டிப் பிரித்திருந்தார்கள். மறுபக்கம் ஆமினா உம்மா, அவர் மகள் றபீக்காவின் கைக்குழந்தையோடு இருந்தார். வயல் வேலைக்கு வந்த இடத்தில் வெள்ளத்தில் அகப்பட்டவர்கள். றபீக்காவைக் கடும் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சங்கம் கொடுத்த, தகரத்தில் அடைத்த ரின்பால் அந்தக் குழந்தைக்கு ஒத்துவரவில்லை. குடித்ததையெல்லாம் கக்கியது. கடைசியில் அழவும் சத்தில்லாமல் முனகியது.

சங்கத்தில் பால் பொறுப்பு அன்னப்பூரணி அம்மாவுக்கு. அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, புஸ்பம் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பாளா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "புள்ளையைப் புதைச்ச மண் இன்னும் காயல்ல, அவளிட்ட இதைக் கேக்கிறதா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, மன்னியுங்கள் என்றார்.

புஸ்பத்துக்குக் கேட்டுவிட்டது. எழுந்து, கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டு சேலைக்கு அந்தப் பக்கம் போனாள். "கொண்டாங்க" என்றாள். ஆமினா உம்மா, "மகள், உனக்கு மனம் தாங்குமா?" என்று தயங்கினார். "அது பசியில கிடக்கு" என்றாள் புஸ்பம். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். குழந்தை குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் அழுதாள். ஆமினா உம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன், உள்ளே போக முடியவில்லை.

நம் ஊர்ப் பெண்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அது உங்கள் காதுக்கும் வரும். அதனால் நானே எழுதுகிறேன். குழந்தை தேறிவிட்டது. றபீக்காவும் சுகப்பட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். தங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய்தானாம். "எப்ப வந்தாலும் இவன் உனக்கும் மகன்தான்" என்று றபீக்கா சொன்னாள். நேற்று அவர்கள் காத்தான்குடிக்குப் போனார்கள். புஸ்பம் தெருமுனைவரை போய்விட்டு வந்து, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

தண்ணீர் வடிகிறது. வீட்டுக் கூரை வேயக் கிடுகும், அடுத்த விதைப்புக்கு நெல்லும் தருவதாகச் சங்கத்தார் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு ஆள் பிடித்துக்கொள்ளலாம். நீங்கள் வரவேண்டியது அதற்கல்ல.

எனக்காகத்தான் அவள் அந்த வள்ளத்தில் ஏறவில்லை. உங்களுக்குக் கோபம் வந்தால் என்னை ஏசுங்கள், கேட்டுக்கொண்டிருப்பேன். அவளிடம் மட்டும் வேண்டாம். "அவர் வந்தா என்னட்ட என்ன கேப்பார் அம்மா?" என்று தினமும் கேட்கிறாள். "ஒண்டும் கேக்கமாட்டார், உனக்குப் பக்கத்தில வந்து இருப்பார்" என்று உங்களைக் கேளாமலே உங்கள் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மருமகன், முதல் ரயிலில் வாருங்கள். வந்து அவள் பக்கத்தில் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வழி பார்த்திருக்கும் மாமி,
சீதேவிப்பிள்ளை