பாட்டை முடிக்கிற கால்

பார்சல் ஆபீசிலிருந்து வந்த பெட்டியைத் திறந்ததும் ரோசின் வாசனை வந்தது. வில்லில் தேய்க்கிற அந்தப் பிசின் கட்டி, இத்தனை வருடம் மூடிக் கிடந்தும் வாசனையை விடவில்லை. கட்டியின் நடுவில் பள்ளம். பள்ளத்தில் பாதி நான் தேய்த்தது, பாதி நீ தேய்த்தது.

பிடிலோடு உன் கணவர் எழுதிய ஒரு கடிதம் இருந்தது. நீ போன மாதம் காலமாகிவிட்டதாகவும், இதை எனக்குச் சேர்த்துவிடச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். "ஏன் என்று கேட்டதற்கு, அவளுக்குத் தெரியும் என்றாள். எனக்கு விவரம் தெரியாது. அனுப்பத் தாமதமானதற்கு மன்னிக்கவும்." மன்னிப்புக் கேட்க வேண்டியது தாமதத்துக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நீ ஏதாவது எழுதி வைத்திருப்பாய் என்று தேடினேன். பெட்டியின் வெல்வெட் துணியை ஓரத்தில் பிரித்துப் பார்த்தேன். ரோசின் வைக்கிற சின்ன அறையில் பார்த்தேன். பிடிலின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன். தூசி இருந்தது, காய்ந்துபோன ஒரு பல்லி முட்டை இருந்தது. ஒரு வரி இல்லை.

உன்னை நீ என்று எழுத எனக்கு உரிமை வந்தது தரங்கம்பாடியில்தான். ஊரில் உன்னைச் 'சின்னம்மா' என்று கூப்பிட வேண்டும். உங்கள் வீடு ஊருக்கு நடுவில். எங்கள் கூரை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், உங்கள் களத்தை ஒட்டி, உங்கள் மண்ணில். அப்பா உங்கள் பண்ணையாள். நான் தரங்கம்பாடி மிஷன் ஹாஸ்டலில் சேர்ந்து படித்ததால் லீவுக்கும் ஹாஸ்டலிலேயே கிடப்பேன். அந்தக் கோடையில் அமெரிக்காவின் மலைநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர், பள்ளிக்கூடத்தில் பத்து நாள் சங்கீத முகாம் நடத்தினார். இங்கிலீஷ் பேச்சு வரும் என்று உன் அப்பா உன்னைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். ஆள் குறைகிறது என்று சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னை டீச்சர் இழுத்துக்கொண்டார்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் உனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். மூன்றாம் நாள் நீயே சொன்னாய்: "இங்க சின்னம்மா கின்னம்மான்னு கூப்புடாத எஸ்தர். எல்லாரும் திரும்பிப் பாக்குறாளுங்க. பேரச் சொல்லு." நான் உன் பேரைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உனக்கு வயலின் ஏற்கெனவே தெரியும். திருவையாற்றிலிருந்து ஒரு வாத்தியார் வாரம் இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுத்தார். தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் கால் மேல் வைத்து வாசிப்பாய். டீச்சருடையதும் அதே வாத்தியம்தான். ஆனால் அவர் அதைப் பிடில் என்றுதான் சொல்வார், நின்றுகொண்டு நெஞ்சில் அணைத்து வாசிப்பார். நீ நோட்டில் சுரம் எழுதத் தொடங்கினாய். அவர் நோட்டை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டுத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். உனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குச் சுரம் எழுதத் தெரியாததால் கஷ்டமாக இல்லை. நீளமாக ஒரு இழுப்பு, குட்டையாக இரண்டு. இரண்டு கம்பியையும் சேர்த்து உரசு. நாற்று நடும்போது கை போகிற மாதிரி அது தானாகப் போனது. "ஒனக்கு எப்புடிடி வருது?" என்று கேட்டாய். அதில் பொறாமை இருந்தது, பிரியமும் இருந்தது. என் வாழ்க்கையில் யாரும் என்மேல் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதனால் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டீச்சர் இரண்டு மாதிரியும் சொல்லிக்கொடுத்தார். ஒன்றில் ஆளுக்கொரு முறை வந்து தனியாக வாசித்துத் திறமை காட்டலாம். அது உனக்குப் பிடித்தது. இன்னொன்று அவர்கள் மலையின் பழைய வழி. வட்டமாக நின்று எல்லோரும் ஒரே பாட்டை ஒன்றாக வாசிக்க வேண்டும். யாருடைய வில்லும் தனியாகக் கேட்கக் கூடாது. அது எனக்குப் பிடித்தது. கோழி ஒன்று வாய்க்கால் தாண்டப் பார்க்கிற பாட்டு. கோழிப் பாட்டு என்றே பேர் வைத்தோம். அது சுற்றிச் சுற்றி வரும், முடிவே கிடையாது. "செக்கு மாடு மாதிரி சுத்துதுடி. நெல்லு குத்தி அரிசியாயிரும், இவங்க பாட்டு முடியாது" என்பாய்.

முடிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். பாட்டைத் தொடங்கியவர், போதும் என்று தோன்றும்போது ஒரு காலை முன்னால் தூக்க வேண்டும். கை இரண்டும் வேலையாக இருக்கிறது, வாயால் சொன்னால் கேட்காது, அதனால் கால். அதைப் பார்த்து எல்லோரும் அந்தச் சுற்றோடு நிறுத்துவார்கள். டீச்சர் தன் அரைகுறைத் தமிழில் தினமும் சொல்வார்: "ஆரம்பிக்கிற ஆள், முடிக்கிற ஆள். ஒரே ஆள்." கோழிப் பாட்டைத் தொடங்குவது நீ. கடைசி நாளுக்கு முன்பு வரை காலைத் தூக்கியவளும் நீ. வட்டத்துக்குள் உன் வெள்ளிக் கொலுசு மேலே வரும், நாங்கள் நிறுத்துவோம்.

கடைசி நாள் பெற்றோருக்கு வாசித்துக் காட்டினோம். சபை பார்க்க வேண்டுமே என்று டீச்சர் வட்டத்தைப் பிரித்து அரைவட்டமாக நிறுத்தினார். எல்லோரும் நாற்காலிகளைப் பார்த்து நின்றோம். முன்வரிசை நடு நாற்காலியில் உன் அப்பா. விருந்துக்கு உங்கள் தோப்பு மாம்பழம் இரண்டு கூடை வந்திருந்தது. அதைச் சுமந்து வந்தவர் என் அப்பா. அவர் வாசல் நிலையை ஒட்டி நின்றார்.

அந்த வருடம் ஊர் எப்படி இருந்தது என்று உனக்கும் தெரியும். கழக ஆட்சி வந்து சில வருடம் ஆகியிருந்தது. தை அறுப்புக்கு உன் அப்பா வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் தெரு செங்கொடியோடு வரப்பில் உட்கார்ந்தது. மண்டை உடைந்தது, கேஸ் நடந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்திருந்தது. கர்ணம் நோட்டோடு பட்டியல் எடுக்க வருவதாகப் பேச்சு. பட்டியலில் பேர் ஏறினால் பட்டா வரும். அதற்காகவே அப்பா சங்கத்துப் பக்கம் போகாமல், உன் அப்பா சொன்ன வேலைக்கெல்லாம் ஓடிக்கொண்டிருந்தார். அந்தக் கூடைகளைக்கூட அதற்காகத்தான் சுமந்தார்.

மேடை ஏறும்போது நீ என் முழங்கையைப் பிடித்தாய். "எஸ்தர், இன்னிக்கு நீ காலத் தூக்குடி."

"ஆரம்பிக்கிறது நீதான?"

"பட்டுப் பாவாட தடுக்குதுடி. தூக்குனா வுழுந்துருவேன். நீ தூக்கு, நாங்க நிறுத்திக்கிறோம்."

நான் சரி என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பாட்டு நன்றாகப் போனது. ஐந்தாவது சுற்றில் நீ என்னைப் பார்த்தாய். நான் வலது காலைத் தூக்கினேன். செருப்பில்லாத கால். பாட்டு நின்றது. கைதட்டல் முன்வரிசையைத் தவிர மற்ற இடத்திலிருந்து வந்தது.

காருக்குப் பக்கத்தில் உன் அப்பா சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னடா, ஒம் மக எனக்குக் காலத் தூக்கிக் காட்டுறா. சங்கத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஐயோ இல்லீங்க ஆண்டே. அது பாட்டுங்க. பாட்ட முடிக்கிறதுங்க."

"ஓகோ. கையால வாசிச்சிட்டுக் காலால முடிக்கிறாளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் ஓடிவந்து, "கால்... முடிவு... கால்" என்று ஏதோ விளக்கப் பார்த்தார். அதற்கு இன்னும் சிரித்தார்கள். நீ காரின் பின்சீட்டில் இருந்தாய், மடியில் இந்தப் பெட்டி. டீச்சர் இதை நம் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொடுத்திருந்தார். "ஒங்க வூட்ல ஒழுகும், எங்கிட்ட இருக்கட்டும்" என்று நீ எடுத்து வைத்துக்கொண்டாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். 'நாந்தான் தூக்கச் சொன்னேன்' என்று நீ சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஜன்னல் திறந்திருந்தது. நீ மறுபக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாய். கார் போய்விட்டது.

அடுத்த வாரம் கர்ணம் வந்தார். எங்கள் கூரை முன்னால் நின்றபோது உன் அப்பாவும் கூட நின்றார். "இது வீடு இல்லய்யா, மாட்டுக் கொட்டாய். வைக்கல் பாத்துக்க இவனப் படுக்கச் சொல்லியிருந்தேன். மத்தவங்கள எழுதிக்க." எங்கள் வரிசையில் மற்ற எல்லாருக்கும் பேர் ஏறியது. கொடி பிடித்தவர்களுக்குக்கூட. ஆடி பிறப்பதற்குள் எங்கள் கூரையைப் பிரித்துவிட்டார்கள். வாய்க்கால் கரைப் புறம்போக்கில் கீற்று வைத்துக்கொண்டோம். தண்ணீர் திறந்துவிடும்போதெல்லாம் பாத்திரத்தைக் கயிற்றில் கட்டி வைப்போம்.

தெருவில் பேசினார்கள். "கொட்டாயி இருந்துச்சு. காலத் தூக்கித் தொலச்சுப்புட்டா." தூக்கச் சொன்னது நீதான் என்று அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன். பீடியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அது அவங்க காலா இருந்தா சிரிச்சிருப்பாரும்மா" என்றார்.

இன்றைக்கும் எனக்கு ஆறாதது அந்த வார்த்தைதான். நீ பயந்திருக்கத் தேவையே இல்லை. நீ தூக்கியிருந்தால் 'குறும்பு' என்று சொல்லித் தோளில் தட்டியிருப்பார். தினமும் வயலினின் தலையை உன் காலில் வைத்து வாசிப்பதைக் கண்ணை மூடிக் கேட்டவர்தானே.

நான் ஹாஸ்டலிலிருந்து உனக்கு எழுதினேன். தாசில்தாருக்கு மனு போட்டிருக்கிறோம், உன் அப்பாவிடம் நடந்ததை மட்டும் சொல், அவர் மறுக்காவிட்டால் போதும் என்று எழுதினேன். இரண்டு கடிதம். அது உன் கைக்கு வராமல் போயிருக்கலாம் என்று சில வருடம் நம்பினேன். பிறகு நான் திருச்சியில் பி.ஏ. முடித்து, திருவாரூரில் டீச்சராகிவிட்ட பிறகு, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு குழந்தை.

"எஸ்தர்தான? இன்னும் வாசிக்கிறியா?"

"பிடில் உங்ககிட்டல்ல இருக்கு."

'உங்க' என்று சொன்னது உனக்குக் கேட்டது. முகம் மாறியது. "கடுதாசி கெடச்சுது எஸ்தர்" என்றாய். அதற்குமேல் ஏதோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்தது. கும்பகோணம் பஸ் வந்தது, நீ ஏறிவிட்டாய். அப்பா அதற்கு அடுத்த மழைக்கு அந்தக் கரையிலேயே செத்துப்போனார். பட்டா வரவில்லை.

பட்டுப் பாவாடை நிஜமாகவே தடுக்கியதா? முன்வரிசையைப் பார்த்த பிறகுதான் தடுக்கியதா? 'அவளுக்குத் தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். தெரியாதடி. எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ கடலைப் பார்த்தது மட்டும்தான். சாகும்போது என்னை நினைத்திருக்கிறாய், சரி. அதற்கு ஒரு தாளும் பேனாவும் உன் வீட்டில் இல்லாமலா போய்விட்டது?

இன்றும் பஸ்ஸில் கால் நீட்ட இடம் இருந்தால் மடக்கித்தான் வைத்துக்கொள்கிறேன். ஸ்டாஃப் ரூமில் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார்: "ஏன் எஸ்தர், கால ஒளிச்சு வச்சிருக்கீங்க?" பழக்கம் என்றேன்.

நேற்று தஞ்சாவூரிலிருந்து புதுக் கம்பி வாங்கிவந்து கட்டினேன். டீச்சர் காட்டிய மாதிரி கீழ்க் கம்பி இரண்டையும் ஒரு சுரம் ஏற்றிச் சுருதி கூட்டினேன். நெஞ்சில் அணைத்தேன். விரல் ஒன்றையும் மறக்கவில்லை. கோழி வாய்க்காலுக்கு வந்தது, திரும்பியது, மறுபடி வந்தது. எத்தனை சுற்று என்று தெரியாது. தோள் வலித்தது. மகள் உள்ளிருந்து எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"எத்தன தடவம்மா இதையே வாசிப்ப? நிறுத்தவே மாட்டியா?"

"ஆரம்பிச்சவங்கதான் நிறுத்தணும்."

"நீதான ஆரம்பிச்ச?"

"இல்ல" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். பாதிச் சுற்றில் வில்லை எடுத்துவிட்டேன். வலது கால் தரையிலேயே இருந்தது.