மூன்று பாக்கெட் வைத்த கோட்டு

செல்ல மகளுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று ஒரு வரி எழுது, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் டிவியில் ஒரு விஞ்ஞானியைப் பற்றிய தொடர் பார்க்கிறோம். அதில் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் வருகிறாள், இடுப்பைப் பிடித்தாற்போல் தைத்த வெள்ளைக் கோட்டு, ஒரு பாக்கெட்கூடக் கிடையாது, பேனாவை எங்கே வைப்பாள்? முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அமிலத்தின்மேல் குனிகிறாள். நாற்பது நாளாக அவளுக்கு ஒரே வசனம், "சார், ரிசல்ட் வந்துடுச்சு." மாங்கு மாங்கென்று வேலை பார்ப்பது அவள், நெற்றியைத் தடவிக்கொண்டு கண்டுபிடிப்பது அந்த சார்! நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திட்டினேன். அப்பா சிரித்துக்கொண்டே, "ஏன் கத்துற, நம்ம பொண்ணு என்ன பண்றான்னு யாராவது கேட்டா, நீயும் ஒரு சாருக்கு உதவியா இருக்கான்னுதானே சொல்ற?" என்றார். நிஜம்தான். பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று நாலு பேர் சொல்வார்களே என்று பயந்து அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் செய்தியில் உங்கள் ஆய்வுக்கூடத்தைக் காட்டினார்கள். தண்ணீரில் ஈயம் இருந்தால் நிறம் மாறுமே, நீ கண்டுபிடித்த காகிதம், அதை உங்கள் சார் தூக்கிப் பிடித்து மூச்சுவிடாமல் பேசினார். நீ பின்னால் தட்டோடு நின்றாய், கழுத்துக்கு மேலே காட்டவேயில்லை. உன் கோட்டில் நான் தைத்த மூன்று பாக்கெட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பெற்றவள் பிள்ளையைப் பாக்கெட்டை வைத்தா கண்டுபிடிக்க வேண்டும்? வலித்ததடி. அடுத்த மாதம் பேட்டி எடுக்க மறுபடி வருகிறார்களாம், நீயோ போனில் "சாரே பேசட்டும்மா, எனக்கு வராது" என்கிறாய். மூன்று வருடம் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டியது நீ, நீதான் பேச வேண்டும்.

புதுக் கோட்டு அனுப்பியிருக்கிறேன். பாக்கெட்டுக்கு மேலே சிவப்பு நூலில் உன் பெயர். பழக்க தோஷம், அதன் கீழே 'உதவியாளர்' என்று தைத்துவிட்டேன், பிறகு உட்கார்ந்து பிரித்து 'விஞ்ஞானி' என்று தைத்தேன். பழைய ஊசித்தடம் கொஞ்சம் தெரியும், அது என் தப்பு, உன்னுடையதல்ல.

நன்றாக இரு, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். கோட்டை வெந்நீரில் போடாதே, நூல் சாயம் இறங்கும். பேட்டி அன்று முடியை இழுத்துக் கட்டிக்கொள், முகம் தெரியட்டும்.

கேட்பவர்களிடம் இனிமேல் உன்னைச் சரியாகச் சொல்லப்போகும்,
அம்மா