முப்பத்தொரு வகை நெல்

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ பழைய கடதாசி எரித்தார்கள். அந்த மணம் யன்னலால் வந்ததும் எழும்பிப் போய் அதைச் சாத்தினேன். நீ இறந்து இரண்டு மாதம். இத்தனை வருடத்தில் நான் எரித்ததைப் பற்றி நாம் கதைக்கவேயில்லை.

யுத்த காலம். கிளிநொச்சியில் விவசாய உத்தியோகத்தராக இருந்த என் சிநேகிதி நீ, இடம்பெயர்ந்து கொழும்பில் என் வெள்ளவத்தை அறைக்கு வந்தாய். உடுப்பு இரண்டு சோடி; பெட்டி நிறைய ஜாம் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விதைநெல், ஈரம் பிடிக்காமலிருக்க ஒரு கரித்துண்டு, வெளியே பெயர்ச் சீட்டு. முப்பத்தொரு வகை.

"இதை விதைச்ச சனம் இப்ப ஊரிலை இல்லையடி. உப்புத் தண்ணியைத் தாங்கிறதும் இதுக்குள்ளை இருக்கு. நாளைக்குக் கடல் வயலுக்குள்ளை வந்தால் என்னத்தை விதைக்கிறது?" என்றாய். நான் சிரித்தேன்.

ஒரு காலை பொலிஸ் சோதனைக்கு வந்தது. அதிகாரி ஒரு போத்தலைத் தூக்கி, "மே மொனவத?" என்று, இவை என்னவென்று கேட்டார். சீட்டில் 'மொ.க. 150 பூநகரி' என்றிருந்தது. மொட்டைக்கறுப்பன் நெல், நூற்றைம்பது நாள் பயிர், பூநகரி ஊரில் எடுத்தது என்று சிங்களத்தில் சொன்னாய். ஏதோ இரகசியக் குறியீடென்று நினைத்த அவர் நம்பவில்லை. போத்தலோடு உன்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

திரும்பவும் வருவார்கள் என்ற பயத்தில் மிச்ச முப்பது சீட்டையும் கிழித்து எரித்தேன். சாதாரணச் சமையல் நெல்லாகத் தெரியட்டுமென்று முழுவதையும் ஒரே சாக்கில் கொட்டினேன்.

மூன்றாம் நாள் வந்தாய். கன்னம் வீங்கியிருந்தது. கையில் அந்தப் போத்தல், சீட்டோடு.

"மற்றதுகள் எங்கை?"

சாக்கைக் காட்டினேன். உள்ளே கைவிட்டு அள்ளிப் பார்த்து, அப்படியே தரையில் இருந்துவிட்டாய்.

"அவன் சீட்டும் கிழியாமல் திருப்பித் தந்தவன்," என்றாய். "நீயே கொட்டினனி?"



இரண்டு மாதம் பேப்பர் விரித்து, நிறமும் மணி நுனியின் வாலும் பார்த்து ஒவ்வொரு மணியாகப் பிரித்தாய். ஒன்பது வகை தேறியது. மற்றவற்றைக் குத்துமதிப்பாகப் பிரித்தால் என்ன என்று கேட்டேன்.

"பொய்ப் பேர் வைக்கமாட்டன்."

சண்டை நின்றதும், திரும்பி வந்த போத்தலோடு சேர்த்துப் பத்து வகையையும் ஊருக்குக் கொண்டுபோய் விதைத்தாய். அவை இன்றும் விளைகின்றன.

அந்த மூன்று நாளும் உன்னை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. போன இருபத்தொரு நெல்லையும் தேடவென்றாலும், எனக்கு அவற்றில் ஒன்றின் பெயர்கூடத் தெரியாது. உன்னோடு ஒரே அறையில் இருந்தும், ஒரு சீட்டையாவது நான் வாசித்துப் பார்த்ததில்லை.